12 மீட்டர் ஊசலுக்கு ஒரு கூடம்: அறிவியல் மையத்தில் ஃபூக்கோ ஊசல் அமைக்கும் வேலைக் குறிப்பு

ஃபூக்கோ ஊசல் என்பது நீளமான கம்பியில் கனமான குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடும் தளம் மெல்லத் திரும்புவதைக் கொண்டு பூமியின் சுழற்சியைக் காட்டும் ஊசல். அறிவியல் மையத்தின் நடுக்கூடத்தில் அது தொங்கப்போகிறது என்றால், அந்த முடிவை அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கூடத்தைக் கட்டி முடித்துவிட்டு, காலியாக இருக்கும் இடம் பார்த்துக் கம்பியை மாட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் பாரிஸில் ஓரளவு பலிக்கும். சென்னையில் பலிக்காது. கன்னியாகுமரியில் சுத்தமாகப் பலிக்காது. காரணம் அட்சரேகை.

ஊசல் ஆடும் தளம் மணிக்கு எவ்வளவு திரும்பும் என்பது 15.04 டிகிரியை அந்த ஊர் அட்சரேகையின் சைன் மதிப்பால் பெருக்கினால் கிடைக்கும். பாரிஸில் அது மணிக்கு 11.3 டிகிரி. டெல்லியில் 7.2. சென்னையில் 3.4, மதுரையில் 2.6, கன்னியாகுமரியில் 2.1. முழுச் சுற்றுக்கு டெல்லியில் ஏறத்தாழ 50 மணி நேரம் ஆகும். சென்னையில் 106 மணி நேரம், மதுரையில் 139, கன்னியாகுமரியில் 170. பூமியின் சுழற்சி தரும் இந்தத் திருப்பம் நம் ஊரில் இவ்வளவு சிறியது. ஆனால் ஊசலைத் தப்பாகத் திருப்பும் மற்றக் காரணங்களுக்கு அட்சரேகை தெரியாது. பீம் வளைவது, கம்பி கோணலாக இருப்பது, ஏசி காற்று எல்லாம் பாரிஸில் எந்த அளவோ அதே அளவில்தான் இங்கேயும் வேலை செய்யும். பாரிஸில் கண்டுகொள்ளாமல் விடக்கூடிய பிழை, சென்னையில் பூமியின் சுழற்சியையே மூடி மறைத்துவிடும்.

கீழே உள்ள அளவுகள் சென்னையின் 13.08 டிகிரிக்கும், பிடிமானத்திலிருந்து குண்டின் நடுப்புள்ளி வரை 12 மீட்டர் நீளத்துக்கும், 40 கிலோ குண்டுக்கும், நடுவிலிருந்து 80 செ.மீ. வீச்சுக்கும் போட்டவை. ஒரு முழு ஆட்டத்துக்கு 6.96 விநாடி.

உயரம்

லெயோன் ஃபூக்கோ 1851-இல் பாரிஸ் பாந்தியோனில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டார். அவ்வளவு நீளம் காட்சிக்காக மட்டும் எடுத்ததல்ல. ஊசல் ஒருபோதும் துல்லியமான நேர்கோட்டில் ஆடுவதில்லை. மெல்லிய நீள்வட்டமாகத்தான் ஆடும். அந்த நீள்வட்டம் பூமியைச் சாராமல் தானாகவே மெல்லத் திரும்பும். திரும்பும் வேகம் நீள்வட்டத்தின் பாதி நீளத்தையும் பாதி அகலத்தையும் பெருக்கி, கம்பி நீளத்தின் வர்க்கத்தால் வகுத்து, அதை ஊசலின் கோண அதிர்வெண்ணாலும் எட்டில் மூன்றாலும் பெருக்கினால் வரும். கம்பி நீளத்தின் வர்க்கத்தால் வகுப்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

12 மீட்டர் கம்பியில், 80 செ.மீ. வீச்சில், நீள்வட்டத்தின் பாதி அகலம் 9 மி.மீ. ஆகிவிட்டால் போதும்: அந்தப் பொய்த் திருப்பம் சென்னையின் உண்மைத் திருப்பத்துக்குச் சமமாகிவிடும். குண்டு எந்தப் பக்கமாக வட்டமடிக்கிறது என்பதைப் பொறுத்து, தளம் இரு மடங்கு வேகத்தில் திரும்பும், அல்லது திரும்பாமலே நிற்கும். பிழை பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமென்றால் பாதி அகலம் 0.9 மி.மீ.-க்குள் அடங்க வேண்டும். பாந்தியோனில் 3 மீட்டர் வீச்சுக்கு இதே கணக்கைப் போட்டால், உண்மைத் திருப்பத்தை விழுங்க பாதி அகலம் அரை மீட்டருக்கு மேல் வேண்டும்.

ஆகவே கட்டடக் கலைஞரிடம் முதலில் கேட்க வேண்டியது உயரம். 22 மீட்டர் கிடைத்தால், அதே 80 செ.மீ. வீச்சில் 9 மி.மீ. என்ற எல்லை 40 மி.மீ.-ஆக விரிகிறது. டெல்லியின் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் உள்ள ஊசலுக்கு 22 மீட்டர் உயரமும் 36 கிலோ குண்டும் கொடுத்திருக்கிறார்கள், நல்ல தேர்வு. 12 மீட்டருக்குக் கீழே இறங்கினால் சிரமம் வேகமாகக் கூடுகிறது. ஒரு மாடி உயரத்துக்குள் அடங்கும் ஊசலும் செய்ய முடியும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எச்.ஆர். கிரேன் 1981-இல் காந்தத்தைக் கொண்டு நீள்வட்டப் பிழையைச் சமன் செய்யும் வழியைக் காட்டினார். ஆனால் அது ஆய்வகக் கருவி. நாள் முழுக்கப் பிள்ளைகள் சுற்றி நிற்கும் கூடத்துக்கு, தானாகவே ஒழுங்காக ஓடும் நீளமான ஊசலே ஏற்றது.

12 மீட்டர் கம்பிக்கு முடிந்த தரையிலிருந்து தொங்குபுள்ளி 11.7 மீட்டர் உயரத்தில் வரும். குண்டு ஆடுவதற்குத் தரையில் எடுக்கும் குழி 45 செ.மீ. ஆழம் என்பதால் கொஞ்சம் மிச்சம் கிடைக்கிறது. அதற்கு மேலே ஆள் குனிந்து நின்று வேலை செய்ய 1.2 மீட்டர் விட வேண்டும். ஆக, தரையிலிருந்து கூரை அடி வரை 13 மீட்டர். மூன்று மாடிக்கு 4.2 மீட்டர் வீதம் போட்டு, நடுவில் மட்டும் கூரையைச் சற்றுத் தூக்கினால் சரியாக வரும். மேலே போகக் கேட்வாக்கோ (கூரையை ஒட்டிய குறுகிய நடைபாலம்) கூரைக் கதவோ கட்டாயம். அதை மறந்த கட்டடத்தில் ஒவ்வொரு முறை கம்பி மாற்றும்போதும் சாரம் கட்ட வேண்டும். இரண்டாம் முறைக்குப் பிறகு யாரும் மாற்ற மாட்டார்கள், ஊசல் நின்றுபோகும்.

ஒவ்வொரு மாடியிலும் கூடத்தைச் சுற்றி நடைபாதை விட்டால் இன்னொரு லாபம். தளம் திரும்புவது தரையில் நின்று பார்ப்பதைவிட இரண்டாம் மாடியிலிருந்து குனிந்து பார்க்கும்போது தெளிவாகத் தெரியும். கீழே கிரானைட்டில் வெட்டிய டிகிரிக் கோடுகளும் அங்கிருந்து படிக்கும் அளவுக்குத் தடிமனாக இருக்க வேண்டும். ஊசலுக்கான இடம் எதிர்காலத் திட்டங்களுக்கு வழிவிடும் மூலையாகவும் இருக்கக்கூடாது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் 1964 முதல் ஆடிக்கொண்டிருந்த ஊசலை, வேறொரு பெரிய காட்சிப்பொருளைப் பாதுகாக்கும் பணிக்காக 1998-இல் இறக்கிவிட்டார்கள். தூண்களும் மாடிப்படியும் ஊசலைச் சுற்றியே அமைந்த கூடத்தில் அப்படி எளிதாக இறக்கிவிட மனம் வராது.

எதில் தொங்குகிறது

அதிகமாகக் கோட்டைவிடும் இடம் இதுதான். 40 கிலோ என்பது கட்டடப் பொறியாளருக்கு ஒரு சுமையே அல்ல. ஐஎஸ்எம்பி 300 என்ற ஐ வடிவ எஃகு பீம் ஒன்றை 6 மீட்டர் இடைவெளிக்குக் குறுக்கே போட்டு அதன் நடுவில் கொக்கி மாட்டினால் போதாதா என்றுதான் அவர் கேட்பார். தாங்குமா என்று கேட்டால் தாங்கும். ஊசலுக்குக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பக்கவாட்டில் எவ்வளவு அசையும், எல்லாத் திசையிலும் ஒரே அளவு அசையுமா?

குண்டு வீச்சின் முனையில் இருக்கும்போது தொங்குபுள்ளியைக் கிடைமட்டமாக 26 நியூட்டன் விசையில் இழுக்கிறது. பீம் நீளவாக்கில் இழுபட்டால் அசையாது. பக்கவாட்டில் இழுபட்டால் அசையும், ஏனென்றால் ஐ-பீம் பக்கவாட்டில் மெலிந்தது. மேலே சொன்ன பீமின் பக்கவாட்டு விறைப்பு மி.மீ.-க்கு 0.2 கிலோநியூட்டன் அளவுதான். இதன் விளைவு, பக்கவாட்டில் ஆடும்போது ஊசல் கிட்டத்தட்ட 2 மி.மீ. கூடுதல் நீளம் கொண்டதைப் போல ஆடும். இரண்டு திசைக்கும் ஆட்ட நேரம் வேறுபட்டுவிடும். அந்த வேறுபாட்டைக் கணக்குப் போட்டால் சென்னையின் திருப்ப வேகத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல். அப்படிப்பட்ட பீமில் தொங்கும் ஊசல் பூமியின் சுழற்சியைக் காட்டாது. பீம் எந்தத் திசையில் போகிறது என்பதைக் காட்டும்.

நமக்குத் தேவை, எந்த இரண்டு திசைக்கும் இடையே நீள வேறுபாடு 0.04 மி.மீ.-க்குள் அடங்குவது. அதற்கு எல்லாத் திசையிலும் விறைப்பு மி.மீ.-க்கு 10 கிலோநியூட்டனுக்குக் குறையக்கூடாது. குண்டைக் கனமாக்கினால் நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. காற்றை எதிர்க்க அது உதவும், உண்மை. ஆனால் எடை கூடக் கூட இந்த விறைப்புத் தேவையும் அதே விகிதத்தில் கூடும். 40 கிலோவுக்குப் பதில் 100 கிலோ என்று ஆசைப்பட்டால் கூரையும் இரண்டரை மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும்.

மலிவான தீர்வு, கான்கிரீட் தளத்தின் அடியிலேயே தொங்கவிடுவது. தளம் தன் கிடைமட்டத்தில் எல்லாப் பக்கமும் மிக விறைப்பானது. நடுவில் இரண்டு பீம்கள் குறுக்காகச் சந்திக்கும்படி சென்டரிங் போட்டு, சந்திப்பில் 25 மி.மீ. தடிமன் எஃகு பிளேட்டை, கான்கிரீட் ஊற்றும்போதே எட்டு ஆங்கர் போல்டுகளுடன் பதித்துவிட வேண்டும். பிறகு துளையிட்டுக் கெமிக்கல் ஆங்கர் போடலாம்தான், ஆனால் சந்திப்பில் கான்கிரீட்டின் உள்ளே உள்ள எஃகுக் கம்பிகள் நெருக்கமாக இருப்பதால் டிரில் பிட் நான்கில் ஒரு துளையாவது கம்பியில் இடிக்கும். பிளேட்டிலிருந்து கீழே இறங்கும் தாங்கி குட்டையாகவும் அடி அகன்றும் இருக்கட்டும். ஒற்றைக் குழாயை அரை மீட்டர் கீழே நீட்டி அதில் தொங்கவிட்டால், தளத்தில் சம்பாதித்த விறைப்பெல்லாம் அந்தக் குழாயில் போய்விடும்.

பூச்சு வேலைக்கு முன்பே சோதித்துவிடலாம். தொங்குபுள்ளியில் ஒரு கொக்கியை மாட்டி, 50 கிலோ வரை காட்டும் ஸ்பிரிங் தராசால் கிடைமட்டமாக இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் 0.001 மி.மீ. காட்டும் டயல் கேஜை முட்டவைத்து, முழு இழுப்பில் முள் 0.05 மி.மீ.-க்கு மேல் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். வடக்கு தெற்கு, கிழக்கு மேற்கு, இரண்டு மூலைவிட்டம் என நான்கு கோட்டிலும் செய்ய வேண்டும். டயல் கேஜின் ஸ்டாண்டைத் தளத்தைத் தொடாத தனிச் சாரத்தில் நிறுத்த வேண்டும். இழுப்பவர் அந்தச் சாரத்தில் ஏறி நிற்கக்கூடாது. நான்கு கோட்டு அளவுகளும் குறைவாக இருந்து ஒன்றுக்கொன்று நெருங்கியும் இருந்தால் மட்டுமே மேற்கொண்டு போகலாம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் விட்டால், பிறகு மாதக்கணக்கில் குண்டையும் கம்பியையும் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

கம்பி, கொலெட், வளையம்

கம்பி 1.6 மி.மீ. பியானோ கம்பி, ஒற்றை இழை. முறுக்குக் கயிறு வேண்டாம். சுமையில் அது பிரிந்து குண்டைச் சுழற்றும், உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுவது வெளியே தெரியாது. 40 கிலோவுக்கு இந்தக் கம்பியில் வரும் இழுவிசை அதன் அறுபடும் வலிமையில் பத்தில் ஒரு பங்கு. அந்தத் தாராளம் தேவை, ஏனென்றால் கம்பி இழுபட்டு அறுவதில்லை, வளைந்து வளைந்து அறுகிறது. நாளெல்லாம் ஓடினால் 24 மணி நேரத்தில் 12,400 ஆட்டம். ஓர் ஆண்டில் 45 லட்சம். அத்தனை முறையும் ஒரே இடத்தில், பிடிமானத்தின் வாயில், கம்பி வளைகிறது.

பிடிமானத்துக்கு மில்லிங் மெஷினில் பயன்படும் ஈஆர் கொலெட் (வெட்டும் கருவியைச் சுற்றி இறுக்கிக் கவ்வும், பிளவுகள் கொண்ட உலோக உறை) சரியாகப் பொருந்தும். பாரிமுனைக் கருவிக் கடைகளில் கிடைக்கும். ஆனால் வாங்கியபடியே போடக்கூடாது. அதன் வாய் விளிம்பு கூர்மையானது. லேத்தில் பிடித்து உள்விளிம்பை எக்காள வாய்போல விரியக் கடைந்து, எமரித் தாளால் பளபளக்கத் தேய்த்துவிட வேண்டும். எல்லாத் தாடைகளும் கம்பியைச் சமமாகக் கவ்வ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் அதுவே ஒரு திசைச் சார்பாகிவிடும். ஊசலின் தொங்கு அமைப்பில் உள்ள இந்தச் சார்பு நீள்வட்டத்தை எப்படி வளர்க்கிறது என்பதை ஹைக்கே காமர்லிங் ஓனெஸ் 1879-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் விரிவாகக் காட்டிவிட்டார். பின்னாளில் ஹீலியத்தைத் திரவமாக்கிய அதே ஓனெஸ்தான்.

பியானோ கம்பி சுருளாகத்தான் வரும். பிரித்தாலும் அதன் வளைவு கொஞ்சம் தங்கியிருக்கும். ஆடவிடுவதற்கு முன் குண்டை மாட்டி ஒரு வாரம் அசையாமல் தொங்கவிட வேண்டும். சுமை ஏறியதும் கம்பி 12 மி.மீ. நீளும், அதன்பிறகு வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் 0.14 மி.மீ. கூடும் அல்லது குறையும். தரை இடைவெளியை இந்த வாரம் முடிந்தபிறகே அளந்து முடிவு செய்ய வேண்டும். தரையில் நடுப்புள்ளியைக் குறிப்பதும் அப்படித்தான். வரைபடத்தில் உள்ள மையம் வேறு, தளம் தன் எடையில் அமர்ந்தபிறகு குண்டு ஓய்ந்து நிற்கும் இடம் வேறு. கிரானைட் வட்டத்தைக் குண்டைப் பார்த்துத்தான் பதிக்க வேண்டும், கொத்தனார் தூக்குகுண்டு பிடித்த பழைய குறியைப் பார்த்து அல்ல.

கடற்கரை ஊரில் பியானோ கம்பிக்குத் துரு பெரிய எதிரி. மெஷின் எண்ணெய் நனைத்த துணியால் மாதம் ஒருமுறை முழு நீளத்தையும் துடைக்க வேண்டும். துருப்பிடித்த சிறு குழியிலிருந்துதான் விரிசல் தொடங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் கம்பியும் போடலாம். வலிமை சற்றுக் குறைவு, ஆனால் சென்னைக்கு அதுவே நிம்மதி.

இனி ஷாரோன் வளையம். எஃப். ஷாரோன் 1931-இல் சொன்ன யோசனை இது, எளிமையும் சாமர்த்தியமும் ஒன்றாகச் சேர்ந்தது. கொலெட்டுக்கு 200 மி.மீ. கீழே கம்பியைச் சுற்றி ஒரு வட்ட வளையம். ஒவ்வொரு ஆட்டத்தின் முனையிலும் கம்பி வளையத்தின் உட்சுவரைத் தொட்டு ஒரு கணம் நிற்கிறது. அந்த நேரத்தில் கம்பிக்குப் பக்கவாட்டு அசைவு இருந்தால் உராய்வு அதைத் தின்றுவிடும். நீள்வட்டம் வளர வளர நசுக்கப்படுகிறது. நம் உயரத்தில், நம் அட்சரேகையில் இது இல்லாமல் ஊசல் ஒரு மணி நேரம்கூட ஒழுங்காக ஓடாது. நீள வேறுபாடு 0.04 மி.மீ. என்ற எல்லைக்குள் இருந்தாலும், ஒரு மணி நேரத்தில் பாதி அகலம் 2 மி.மீ.-க்கு மேல் வளர்ந்துவிடக்கூடும்.

வளையத்தின் உள்விட்டம் 26 மி.மீ. என்று வைத்தால் குண்டு நடுவிலிருந்து 73 செ.மீ. போகும்போது கம்பி தொடும்; மிச்ச 7 செ.மீ. தொட்டபடியே போய்த் திரும்பும். பித்தளையில் கடைந்து, உட்சுவரை நன்றாகத் தேய்க்க வேண்டும். வளையம் நூலளவும் நீள்வட்டமாக இருக்கக்கூடாது. அது உட்காரும் பிளேட்டை நான்கு பக்கத் திருகுகளால் நகர்த்தும்படியும் மேலும் கீழும் ஏற்றி இறக்கும்படியும் செய்ய வேண்டும். மையப்படுத்த எளிய வழி: குண்டு ஓய்ந்து நிற்கும்போது கம்பிக்கும் வளையத்துக்கும் இடையே ஃபீலர் கேஜ் தகடுகளை அடுக்கி நான்கு பக்கமும் அளக்கலாம். பிறகு ஆடவிட்டு, இரண்டு முனையிலும் கம்பி வளையத்தைத் தொடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இரண்டு "டிக்" சத்தமும் ஒரே கனத்தில் ஒலித்தால் மையம் சரி. ஒரு பக்கம் மட்டும் அழுத்தமாகக் கேட்டால் அந்தப் பக்கத் திருகைத் தளர்த்த வேண்டும்.

கம்பி அறுந்தால்

பாரிஸ் கலை மற்றும் கைத்தொழில் அருங்காட்சியகத்தில் 2010 ஏப்ரலில் கம்பி அறுந்து, ஃபூக்கோவின் காலத்துக் குண்டு பளிங்குத் தரையில் விழுந்து சீர்செய்ய முடியாதபடி சிதைந்தது. அவ்வளவு பேணிய ஊசலுக்கே நேர்ந்தது எந்த ஊசலுக்கும் நேரும்.

வளையத்துக்கு 5 மி.மீ. மேலே, கம்பியில் 40 மி.மீ. விட்டமுள்ள இரண்டு துண்டுக் கிளாம்ப் ஒன்றைச் செம்புத் தகடு வைத்து இறுக்க வேண்டும். வளையத்தின் 26 மி.மீ. துளைக்குள் அது நுழையாது. கம்பி அதிகம் அறுவது கொலெட் வாயில்தான். அங்கே அறுந்தால் கிளாம்ப் வளையத்தின்மேல் உட்கார்ந்துவிடும், குண்டு ஒரு சென்டிமீட்டர் அளவே இறங்கும். மாட்டுவதற்கு முன் தனிக் கம்பித் துண்டில் 150 கிலோ தொங்கவிட்டு, கிளாம்ப் வழுக்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும். வளைய பிளேட்டும் அந்தச் சுமைக்கே வடிவமைக்கப்பட வேண்டும்.

வளையத்தருகிலோ குண்டின் மேல் பிடியிலோ அறுந்தால் கிளாம்ப் உதவாது. அதற்குக் குழிதான் காப்பு. குண்டின் அடிமுள்ளுக்கும் தரைக்கும் 25 மி.மீ. இடைவெளி மட்டுமே, முள் மென்மையான அலுமினியத்தில், மரையிட்டு மாற்றும்படி. கிரானைட்டுக்கு அடியில் 12 மி.மீ. ரப்பர் விரிப்பு. நடுவில் குண்டின் வேகம் விநாடிக்கு 0.72 மீட்டர், அறுந்து உருண்டாலும் 45 செ.மீ. குழிச் சுவரில் முட்டி நிற்கும். குழியின் விட்டம் 3.6 மீட்டர்: வீச்சு, குண்டின் பாதி அகலம், கை நீட்டும் பிள்ளைக்கு எட்டும் தூரம், அதற்கு மேல் கொஞ்சம். கைப்பிடி 1 மீட்டர் உயரம், கம்பிகளுக்கு இடையே 10 செ.மீ.-க்கு மேல் சந்து கூடாது.

குண்டு பற்றி அதிகம் சொல்ல இல்லை. பித்தளை என்றால் விட்டம் 208 மி.மீ., மைல்ட் ஸ்டீல் என்றால் 214. வார்ப்பில் காற்றுக் குழி இல்லாமலும், கம்பி நுழையும் துளை சரியாக நடு அச்சில் இருக்கும்படியும் கடைந்தால் போதும். பளபளப்புக்குப் போகும் பணத்தைக் கூரைத் தாங்கிக்குச் செலவழிப்பது நல்லது.

ஓயாமல் ஆட

காற்றும் வளையமும் குண்டின் ஆற்றலைத் தின்றுகொண்டே இருக்கும். 80 செ.மீ. வீச்சில் மொத்த ஆற்றல் 10.4 ஜூல். எவ்வளவு ஈடுகட்ட வேண்டும் என்பதை அளந்தே தெரிந்துகொள்ளலாம்: வீச்சு 80-இலிருந்து 76 செ.மீ.-க்குக் குறைந்தால் ஒரு ஜூல் போயிருக்கிறது. அதற்கு எத்தனை ஆட்டம் ஆனது என்று எண்ணி வகுத்தால், ஒரு ஆட்டத்துக்கான தள்ளுதல் கிடைத்துவிடும்.

தள்ளுவதற்கு இரண்டு இடம் உண்டு. தரைக்கு அடியில் சுருளும் குண்டின் அடியில் நிலைக்காந்தமும் வைப்பது ஒன்று. அதில் ஒரு பெரிய வம்பு இருக்கிறது: தரைக் கான்கிரீட்டில் உள்ள எஃகுக் கம்பிகள். அவை சதுர வலையாகக் கட்டப்பட்டவை. காந்தம் கடக்கும்போதெல்லாம் இழுக்கும், வலையின் கோடுகளை ஒட்டி ஊசல் ஒரு திசையைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். அந்த வழிதான் வேண்டுமென்றால் குழியின் அடித்தளத்துக்குக் கண்ணாடி இழைக் கம்பிகளைப் போட வேண்டும், அதுவும் கட்டும்போதே.

மேலே தள்ளுவது தொல்லை குறைந்தது. ஷாரோன் வளையத்துக்குக் கீழே, கொலெட்டிலிருந்து 300 மி.மீ. தள்ளி, கம்பியைச் சுற்றி ஒரு வளைய மின்காந்தம். கம்பியில் சிறிய இரும்பு உறை. குண்டு நடுவிலிருந்து வெளியே போகும்போது மட்டும் மின்சாரம் பாய வேண்டும், திரும்பத் தொடங்குவதற்கு முன் நின்றுவிட வேண்டும். இரும்பு உறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே இழுபடுவதால் திசையைப் பற்றிக் கவலையில்லை. நடுவைக் கடக்கும் நேரத்தை ஒளி உணரியால் பிடித்து, டைமரால் நீளத்தைச் சரிசெய்யலாம். வீச்சு தானாக 80 செ.மீ.-இல் நிலைக்கும் அளவுக்குத் துடிப்பைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அதிகமாகத் தள்ளி வளையத்தால் தடுப்பது தவறான வழி. கம்பி சீக்கிரம் தேயும்.

காற்று, வெயில்

ஏசி வாய்களைக் குழியைப் பார்த்துத் திருப்பக்கூடாது. ஊசல் ஆடும் பகுதியில் காற்றின் வேகம் விநாடிக்கு 0.2 மீட்டருக்குள் இருக்கட்டும். வாசல் கதவுக்கும் கூடத்துக்கும் இடையே இரட்டைக் கதவு முன்னறை இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. தீ பாதுகாப்புக்காக மேலே வைக்கும் புகை வெளியேற்றும் விசிறிகளைச் சோதிக்கும் நாளில் ஊசலை நிறுத்திவிட வேண்டும். தொங்குபுள்ளிக்கு நேர் மேலே கண்ணாடிக் கூரை வேண்டாம். சென்னை வெயிலில் தாங்கியின் ஒரு பக்கம் மட்டும் சூடாகி வளையும்; தொங்குபுள்ளி காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம் என்று நகரும். வெளிச்சம் வேண்டுமென்றால் வடக்குச் சுவரில் உயர ஜன்னல் வைக்கலாம். கூரைமேல் வெள்ளைக் குளிர்ச்சி ஓடு பதிப்பது நல்லது.

முளைகள்

தளம் திரும்பத் திரும்ப குண்டின் முள் ஒவ்வொன்றாகத் தட்டிச் சாய்க்கும் சிறு குச்சிகள்தான் முளைகள். பல ஊர் அருங்காட்சியகங்களில் பார்த்ததைப் போல 5 டிகிரிக்கு ஒரு முளை நட்டால், சென்னையில் ஒரு முளை விழ ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் பள்ளிப் பிள்ளைகளின் பஸ் கிளம்பிவிடும். ஒரு டிகிரிக்கு ஒன்று என்று 78 செ.மீ. ஆரத்தில் நட்டால், முளைகளுக்கு இடையே 13.6 மி.மீ.; ஒவ்வொன்றும் 17.6 நிமிடத்துக்கு ஒருமுறை விழும். எதிர்ப்பக்க முளைகளை அரை டிகிரி தள்ளி நட்டால் இரண்டு பக்கமும் மாறி மாறி, 9 நிமிடத்துக்கு ஒன்று விழும். காலை 10 முதல் மாலை 5 வரை தளம் 24 டிகிரிதான் திரும்பும். மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாக. பக்கத்துக்கு 30 முளை இருந்தால் ஒரு நாளுக்குத் தாராளம்.

வீச்சின் முனையில் குண்டு 27 மி.மீ. மேலே எழும்பும். அதனால் முள் தரையிலிருந்து அங்கே 5 செ.மீ. உயரத்தில் இருக்கும், முளையின் உயரம் 65 மி.மீ. என்றால் தலையில் சரியாகத் தட்டும். முளை 5 கிராமுக்கு மேல் போகக்கூடாது. பார்க்க அழகாக இருக்கிறதென்று அகன்ற அடியுடன் 50 கிராம் பித்தளை முளை வைத்தால், முள் அதைப் பக்கவாட்டில் உரசும் ஒவ்வொரு தடவையும் அரை மில்லிமீட்டர் நீள்வட்டத்தைக் குண்டுக்குக் கொடுத்துவிடும். மொத்த அனுமதியே 0.9 மி.மீ. என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

புறப்பாடும் சோதனையும்

குண்டின் இடுப்பைச் சுற்றி, அதன் எடை மையத்தின் மட்டத்தில் பருத்தி நூலைக் கட்டி, 80 செ.மீ. இழுத்துக் குழிச் சுவரில் உள்ள கொக்கியில் கட்ட வேண்டும். குண்டு நூலில் நின்றபடியே மெதுவாக அசையும். அந்த அசைவு கண்ணுக்குத் தெரியாமல் அடங்கும்வரை யாரும் கிட்டப் போகக்கூடாது. பிறகு தீக்குச்சியால் நூலை எரிக்க வேண்டும். நூல் கருகி, இழை இழையாக மெலிந்து, கடைசி இழை அறும்போது குண்டுக்கு எந்தப் பக்கத் தள்ளலும் கிடைக்காது. ஃபூக்கோ செய்ததும் இதைத்தான். கையால் விடுவதும் கத்தரிக்கோலால் வெட்டுவதும் பக்கவாட்டு உதையைக் கொடுக்கும். மின்காந்தத்தால் பிடித்து விடுவதிலும் மிச்சக் காந்தம் ஒரு கணம் பிடித்திழுக்கும்.

வடக்கு தெற்கு, கிழக்கு மேற்கு, இரண்டு மூலைவிட்டம் என நான்கு திசையிலும் தனித்தனியாகப் புறப்படவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை கோணத்தையும் நீள்வட்ட அகலத்தையும் எழுத வேண்டும். நான்கிலும் 3.4-க்கு அருகே வந்தால் வேலை முடிந்தது. ஒரு மூலைவிட்டத்தில் வேகமாகவும் மற்றதில் மெதுவாகவும் வந்தால் தாங்கியோ கொலெட்டோ ஒரு திசைக்குச் சாய்கிறது. டயல் கேஜைத் திரும்ப எடுக்க வேண்டும். எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி 4.5 என்று கூடுதலாக வந்தால் குண்டு ஒரே பக்கமாக வட்டமடிக்கிறது. வளையத்தின் மையத்தையும் புறப்பாட்டையும் பார்க்க வேண்டும். எந்தத் திசையில் விட்டாலும் சில மணி நேரத்தில் ஒரே கோட்டுக்கு வந்து நின்றுகொண்டால், வளையம் வட்டமாக இல்லை அல்லது மின்காந்தம் ஒரு பக்கம் தள்ளி இருக்கிறது.

ஊசல் ஓடத் தொடங்கியபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலே ஏறி, டார்ச் அடித்துக் கொலெட் வாயைப் பார்க்க வேண்டும். கம்பி நுழையும் இடத்தில் செம்பழுப்பில் மெல்லிய பொடி படிந்திருந்தால், கம்பி உள்ளே நுண்ணிய அளவில் உரசுகிறது என்று பொருள்; கொலெட்டை இறுக்கினால் அது சரியாகாது, கம்பியையே மாற்ற வேண்டும். பொடி இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதே முறை. அரை டன் செயின் பிளாக்கில் குண்டைத் தாங்கியபின் கொலெட்டைத் தளர்த்தி, புதுக் கம்பியை மாட்டி, ஒரு வாரம் தொங்கவிட்டு, இடைவெளி 25 மி.மீ. இருக்கிறதா என்று அளந்தபிறகு நூலைக் கட்டலாம்.